கேரவனுக்கு ஒரு ஜாக்கி

ஜாக்கிக்காரருக்குப் பேச வராது என்று யாராவது சொன்னால் அது பொய். நன்றாகவே வரும். ஆனால் வருகிற பேச்சு எதிரில் இருப்பவரை வெட்டிவிட்டுத்தான் நிற்கும். அது அவருக்கே தெரியும் என்பதால், வாயைத் திறப்பதை விடக் கையை நீட்டுவதையே வழக்கமாக வைத்திருந்தார். மனைவிக்குக் காய்ச்சல் என்றால், எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அவள் படுத்திருக்கும் கட்டிலின் ஆடுகிற காலுக்கு ஆப்பு அடித்து இறுக்குவார். மகன் பரீட்சையில் தேறி வந்து நின்றால், அவன் சைக்கிளைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டிக் கொடுப்பார். அவருடைய பாசமெல்லாம் நட்டு போல்ட்டு வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. வாங்கிக்கொண்டவர்களுக்கு அது பாசம் என்று புரிந்ததா என்பதை அந்த மனிதர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

தொழிலில் அவரை அசைக்க ஆளில்லை. லாரிக்காரர்களும் வேன்காரர்களும் வண்டியைத் தூக்குகிற ஜாக்கிகள் கெட்டுப்போனால் அவற்றை அவர் கடையில்தான் கொண்டுவந்து போடுவார்கள். எண்ணெய் கசிகிற ஜாக்கி, எத்தனை அடித்தாலும் ஏறாத ஜாக்கி, ஏறியபின் யாரும் பார்க்காத சமயம் பார்த்து மெல்ல மெல்ல இறங்குகிற கள்ள ஜாக்கி, எல்லாவற்றுக்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. சின்ன வயதில் லாரி ஷெட்டில் வேலைக்கு இருந்தபோது, கூட வேலை பார்த்தவன் அப்படி ஒரு கள்ள ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுத்தான். அவன் கால் போயிற்று. அன்று முதல் இவருக்கு ஜாக்கி என்றால் வைராக்கியம். வாடிக்கைக்காரர்கள் கேட்கிறார்களோ இல்லையோ, ஜாக்கி தூக்கத்தான், தாங்குவதற்குக் கட்டை வேண்டும் என்பதை மட்டும் வாய் சலிக்காமல் சொல்லி அனுப்புவார்.

கடைக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம். அதற்கு அந்தப் பக்கம் வீடு. இரண்டுக்கும் நடுவில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டினாற்போல் நின்றது அந்தக் கேரவன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, இரண்டே சக்கரம் உள்ள சின்ன அறை. உள்ளே ஒரு படுக்கை, ஒரு மேசை, ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். வெள்ளை நிறம் என்று சொல்லித்தான் மகன் அதை வாங்கி வந்தான். ஜாக்கிக்காரர் பார்த்தபோது அது பழுப்பாகத்தான் இருந்தது.

மகனும் அப்போது கடையில்தான் வேலை பார்த்தான். இரண்டு வருஷம் கையில் சேர்த்ததையெல்லாம் கொடுத்து அதை வாங்கியிருந்தான். ரிப்பேர் பண்ணி வாடகைக்கு விடலாம், பிறகு இன்னொன்று வாங்கலாம் என்று அவனுக்கு ஒரு கணக்கு. சந்தோஷமாக இழுத்து வந்து நிறுத்தியவனிடம், இரண்டு லாரி டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா வாயைத் திறந்தார்.

"இந்த ஓட்டை டப்பாவ வாங்கினவனுக்கு என் கடையில வேலையும் கிடையாது, என் வீட்டுல சோறும் கிடையாது."

சாயங்காலத்துக்குள் கோபம் ஆறிவிட்டது. அவருக்குத்தான் ஆறியது. மகன் அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.  மனைவி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள், அடுப்படியைத் துடைத்தாள், ஒரு தலையணையும் போர்வையும் எடுத்துக்கொண்டு கேரவனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்ற பிள்ளைக்கு இல்லாத சோறு எனக்கு மட்டும் தொண்டையில் இறங்குமா என்று மறுநாள் அவள் கேட்டதோடு சரி. அவரும் நாலு நாளில் வந்துவிடுவாள் என்று விட்டுவிட்டார். அந்த நாலு நாள் அஞ்சு வருஷமாயிற்று. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். இவர் கொட்டிய சொல்லுக்குள் அவள் போய்க் குடியேறிவிட்டாள்.

ஆனால் புருஷனைப் பட்டினி போட அவளுக்கு மனம் வரவில்லை. கேரவனிலேயே சமைத்து, ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டுவாள். அவர் வாங்கிக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிப் படியில் வைப்பார். உப்பு சரியா, போதுமா, அவ்வளவுதான் பேச்சு. அவள் கடைத்தெருவுக்குப் போகிற நேரம் பார்த்து இவர் கேரவன் கூரையில் ஏறி ஓட்டையை அடைப்பார். கரண்டு இழுத்துக் கொடுத்தார், தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்தவள் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். இவரும் சொல்லமாட்டார். வசதியெல்லாம் பண்ணிக் கொடுத்ததில் அவள் இறங்கி வருவதற்கு இருந்த ஒன்றிரண்டு காரணங்களும் போயின என்பது இந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் கடையின் பின்வாசலில் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே வந்து நின்றது அதுதான் முதல் தடவை. ஜாக்கிக்காரர் கையில் ஒரு பிஸ்டன் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

மகன் வேறு ஊரில் தனியாக வீடு பார்த்துவிட்டானாம். ஒரே அறை, ஆனால் பக்கத்தில் இடம் இருக்கிறதாம், கேரவனைக் கொண்டுபோய் நிறுத்தினால் அம்மா அதிலேயே இருக்கலாமாம். ஞாயிற்றுக்கிழமை ஜீப் கொண்டுவந்து இழுத்துப்போகிறேன் என்றானாம். இதையெல்லாம் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சக்கரம் ரெண்டும் மண்ணுல புதைஞ்சு கிடக்கு. தூக்கி வேற டயர் மாட்டித் தர முடியுமா?"

"பார்க்கலாம்" என்றார்.

 இதை மறைக்க ஒன்றுமில்லை, அந்த மனிதருக்கு அவள் போவதில் துளியும் சம்மதம் இல்லை. ஜன்னல் வெளிச்சம் தெரிகிறவரை வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாள் என்றுதான் அவர் இத்தனை நாளும் தூங்கினார். சொல்ல வேண்டியது, போகாதே என்ற ஒரே வார்த்தை. அதைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் இருந்தது.

பக்கத்துக் கடை பஞ்சர்காரருக்கு விஷயம் தெரிந்தபோது அவர் சுலபமாக ஒரு வழி சொன்னார். வயதில் சின்னவர், வாயில் பெரியவர், அவளைக் கேரவன் அண்ணி என்று கூப்பிட்டு அவளிடமே வாங்கிக் கட்டிக்கொள்பவர்.

"அண்ணே, அந்த சைஸ் டயர் என்கிட்ட இல்லைன்னு நான் சொல்லிடறேன். அடியில போற ஜாக்கி இல்லைன்னு நீங்க சொல்லிடுங்க. அண்ணி எப்படிப் போவாங்க?"

தொழிலில் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்றார் ஜாக்கிக்காரர். அப்படியானால் வீட்டிலாவது உண்மையைச் சொல்லுங்கள் என்றார் பஞ்சர்காரர்.  தொழிலில் பொய் வராது, வீட்டில் உண்மை வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எங்கேதான் நிற்பான்? ஜாக்கிக்காரர் போய்க் கேரவன் ஓரமாகத் தரையில் படுத்து அடியில் எட்டிப் பார்த்தார்.

உண்மையில், அடியில் போய்த் தூக்குகிற ஜாக்கி அவரிடம் இல்லைதான். டயர்கள் காற்றில்லாமல் சப்பிப்போய், மண்ணும் இறங்கி, கேரவனின் வயிறு தரையை ஒட்டிக் கிடந்தது. லாரிக்குப் போடுகிற பாட்டில் ஜாக்கி நின்ற வாக்கில்தான் வேலை செய்யும், அதை உள்ளே நுழைக்க இடமில்லை. குழி தோண்டி வைத்தால் ஈர மண் நெகிழ்ந்துவிடும். தாழ்வாக இருக்கிற சக்கர ஜாக்கி உள்ளே போகும். ஆனால் அதன் தலை ஒரு சின்ன வட்டத் தட்டு. கேரவனின் அடிச்சட்டமான சேசிஸோ மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. அத்தனை கனத்தையும் அந்தச் சின்னத் தட்டில் ஏற்றினால், தூக்குவதற்குப் பதிலாகத் தகட்டைப் பொத்துக்கொண்டு போகும். நாலு மூலையிலும் இருக்கிற மடக்குக் கால்கள் கேரவன் ஆடாமல் நிற்கத்தான், அவற்றைத் திருகித் தூக்கப் பார்த்தால் கால்தான் வளையும். இன்னொரு வம்பும் உண்டு. சக்கர ஜாக்கியின் கை நேராக ஏறாது, வளைந்து ஏறும். ஏற ஏற ஜாக்கி தானே உருண்டு உள்ளே போக வேண்டும். மண்ணில் அதன் சக்கரம் எங்கே உருளும்?

இத்தனை சிக்கலைப் பார்த்ததும் வேறு ஆளாக இருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பார். நல்ல சாக்கு, பொய்யும் இல்லை. ஜாக்கிக்காரரோ தரையிலிருந்து எழுந்திருக்கும்போது கண்ணில் ஒளியோடு எழுந்தார். கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அந்தக் கைக்கு யாருக்காக, எதற்காக என்றெல்லாம் தெரியாது.

மறுநாளே சக்கர ஜாக்கியின் வட்டத் தலையை அறுத்து எடுத்தார். 'ப' வடிவத்தில் இருக்கிற கனமான இரும்புச் சேனலில் முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, சேசிஸ் அப்படியே உட்காருகிற மாதிரி ஒரு தொட்டில் செய்தார். கனம் ஓரிடத்தில் விழாமல் பரவ வேண்டும் என்பது யோசனை. கை வளைந்து ஏறினாலும் தொட்டில் சாயாமல் இருக்க, அடியில் ஒரு பின் போட்டு ஆடவிட்டார். உள்பக்கம் பழைய லாரி டயரைச் சீவி ரப்பர் பதித்தார். உருள்வதற்கு மண்ணின் மேல் போட ஒரு கனத்த இரும்புத் தகடு. ஜாக்கிக்குள் எண்ணெய் கசியாமல் தடுக்கிற சீல் எல்லாம் புதிது, எண்ணெய் புதிது. பழைய இன்ஜின் ஒன்றைத் தூக்கி வைத்து, அது ஏறி நின்ற உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு கிழித்து, மறுநாள் வந்து பார்த்தார். இன்ஜின் கோட்டை விட்டு இறங்கவில்லை.

தொட்டிலின் விளிம்பை அரம் போட்டு மழுக்கிக்கொண்டிருந்தபோது அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள். இந்த ரப்பர் எதற்கு என்று கேட்டாள். தூக்கும்போது குலுங்காது, உள்ளே ஒரு டம்ளர்கூட விழாது என்றார். இப்போது புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். உன் டம்ளருக்குக்கூட இவ்வளவு பார்க்கிறேனே, உன்னைப் போகவிட எனக்கு மனம் வருமா என்பதுதான் அந்த ரப்பருக்கு அர்த்தம். அவர் அகராதியில் அதற்கு மேல் தெளிவாக ஒரு வாக்கியம் கிடையாது.

அவள் அந்தத் தொட்டிலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கஷ்டமான வேலையா இருந்தா சொல்லிடுங்க. அவனை அடுத்த மாசம் வரச் சொல்றேன். ஒண்ணும் அவசரம் இல்ல."

கதவை இதைவிட அகலமாக ஒரு மனுஷி எப்படித் திறந்து வைப்பாள்? ஜாக்கிக்காரருக்கோ அவள் தன் தொழிலைச் சந்தேகப்படுகிறாள் என்று பட்டது. சுருக்கென்றது.

"முடியாதுன்னு நான் எப்ப சொல்லியிருக்கேன்? சனிக்கிழமை தூக்கிடலாம்."

"சரி" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். காலி டம்ளர் கூட இல்லை, பாதித் தண்ணீர் அதில் இருந்தது. அவர் குடித்து முடிக்க அவள் காத்திருக்கவில்லை.

சனிக்கிழமை பஞ்சர்காரர் டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். துருப்பிடித்த நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தினார்கள். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள். இரும்புத் தகட்டைப் போட்டு, ஜாக்கியை உள்ளே தள்ளி, தொட்டிலை, சக்கரங்களை இணைக்கிற ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் சேசிஸில் பொருத்தினார் ஜாக்கிக்காரர். அவள் உள்ளே சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். தூக்கும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது, இறங்கி வா என்றார்.

"ஏன், உங்க ஜாக்கி என் கனம் தாங்காதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பஞ்சர்காரர் சிரித்தார். ஜாக்கிக்காரருக்கும் சிரிப்பு வந்தது, எத்தனையோ நாளைக்குப் பிறகு. வழக்கத்தை மீறி அவளை உள்ளேயே இருக்கவிட்டு, கட்டைகளை இன்னும் கிட்டத்தில் அடுக்கச் சொல்லிவிட்டுக் கைப்பிடியை அடிக்க ஆரம்பித்தார். கேரவன் மண்ணை விட்டுக் கிளம்பியது. ஒரு முனகல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. ஏற ஏறக் கட்டை ஒவ்வொன்றாக உள்ளே போனது.

ஜாக்கி பிடித்துப் பழகிய கைக்குக் கனத்தின் நடமாட்டம் தெரியும். அவள் படுக்கைப் பக்கம் போனால் கைப்பிடி லேசாகும், அடுப்புப் பக்கம் வந்தால் இறுகும். அவள் உள்ளே அடியெடுத்து வைப்பதெல்லாம் அவர் உள்ளங்கைக்கு வந்தது. ஒருதரம் ஜன்னலோரமாக, அவர் தலைக்கு நேர் மேலே வந்து, அங்கேயே வெகுநேரம் நின்றாள். அவரும் அடிப்பதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். இப்போது சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிக்கு வந்தது. டயர் ரெடி அண்ணே என்றார் பஞ்சர்காரர். சரி, மாட்டு என்றார் இவர்.

அன்று மீதிப் பொழுதில் மறுபக்கச் சக்கரத்தையும் மாற்றினார். அதோடு விட்டாரா? பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தார். பின்விளக்கு ஒயரை மாற்றினார். இழுக்கிற கொக்கியைத் துருப்போகத் தேய்த்து எண்ணெய் விட்டார். கதவு வழியில் திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு தாழ்ப்பாள் வைத்தார். இதையெல்லாம் பார்த்தால் அவளுக்குத் தெரியாமலா போகும் என்று ஒவ்வொரு வேலைக்கும் நினைத்துக்கொண்டார். இவ்வளவும் பார்த்துவிட்டு ஒருத்தி எப்படிப் போவாள்?

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். முகம் முற்றியிருந்தது, முன்தலையில் முடி குறைந்திருந்தது. அப்பா என்றான். வா என்றார்.  ஜீப்பைப் பின்னால் எடுத்துக் கொக்கியில் மாட்டினான். விளக்கு எரிகிறதா என்று பார்த்தான், எரிந்தது. பிரேக் பார்த்தான், பிடித்தது. எல்லாம் நீங்களே பண்ணிட்டீங்களாப்பா என்று கேட்டான். அந்தக் கேள்வியில் கொஞ்சம் ஆச்சரியமும் கொஞ்சம் வருத்தமும் இருந்தன. ஜாக்கிக்காரர் தலையை ஆட்டினார். அவன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான்.

அவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். புது டயரைப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள், பளபளவென்றிருந்த கொக்கியைப் பார்த்தாள். கண் கலங்கித்தான் இருந்தது.  புரிந்துவிட்டது, இவள் போகமாட்டாள் என்றே ஜாக்கிக்காரர் நினைத்தார்.

"ஏதாவது ஒண்ணு மக்கர் பண்ணும்னு பார்த்தேன்" என்றாள் மெதுவாக. "முடியலைன்னு ஒரு சாக்கு சொல்வீங்கன்னு வாரம் பூரா காத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், நானே இறங்கி வீட்டுக்குள்ள வந்திருப்பேன். இப்படி ஒரு குறை இல்லாம பண்ணி வச்சிருக்கீங்க. என்னை அனுப்ப உங்களுக்கு இவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அவர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லவேண்டும், அப்படியில்லை என்று சொல்லவேண்டும், ரப்பரைச் சொல்லவேண்டும், ஜன்னல் வெளிச்சத்தைச் சொல்லவேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு முண்டியடித்து, ஒன்றும் வெளியே வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான்.

"டயர் புதுசு. மெதுவா ஓட்டச் சொல்லு."

 "சொல்றேன்" என்றாள். ஜீப்பின் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. பஞ்சர்காரர் தன் கடை வாசலில் எழுந்து நின்றார். தெருமுனையில் ஒரு மேடு உண்டு, பாரம் இழுக்கிற வண்டிகள் அங்கே திணறும், சில நின்றும் போகும். நின்றால் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று ஜாக்கிக்காரர் தெருவில் இறங்கிப் பாதி தூரம் நடந்துவிட்டார். கேரவன் திணறவில்லை. கிரீஸ் வைத்த சக்கரம் சத்தமில்லாமல் மேடேறி, முனையில் திரும்பிப் போய்விட்டது.